ஆறு கடந்தவர்கள் போட்ட வாக்கு

தேர்தல் முடிந்த மறுநாள், திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கு, என் கணவர் குகதாசன் கட்டிலை விட்டு இறங்கியபோது அவருடைய இரண்டு கால்களும் முழங்கால் வரை நனைந்திருந்தன. இரவு உடுப்பின் கீழ்ப்பாதி தோலோடு ஒட்டிப்போய், குதிகாலிலிருந்து தண்ணீர் சொட்டி, மரத்தரையில் சின்னக் குட்டையாகத் தேங்கி, அந்தக் குட்டையில் ஒரு நாணல் இலையும் மிதந்தது. அந்தத் தண்ணீரை அவர் உடனே அடையாளம் கண்டுகொண்டார். முப்பத்து நான்கு வருடங்களுக்கு முன் ஒரு கார்த்திகை மாதத்தில், களவாக எல்லை கடத்திவிடும் ஏஜென்சிக்காரன் ஓடச் சொன்னதும், சப்பாத்துகளைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் கடந்துவந்த எல்லை ஆற்றின் தண்ணீர் அது.

"அதே குளிர், தவம்," என்றார். "அதே சேத்து மணம்."

நான் துவாயை எடுத்துத் துடைத்தேன். துடைக்கத் துடைக்க வந்தது. நான் இந்த நகரத்துப் பெரிய ஹோட்டல் ஒன்றின் சலவைக்கூடத்தில் பத்தொன்பது வருடமாக வேலை செய்கிறவள். ஈரம் என்றால் என்ன, அதை எந்தச் சூட்டில் எத்தனை நிமிடத்தில் விரட்டலாம் என்று எனக்குச் சொல்லித்தர யாரும் தேவையில்லை. அவருடைய காற்சட்டையைக் கொண்டுபோய் எங்கள் பெரிய உலர்த்தும் இயந்திரத்தில் போட்டு, மேசைவிரிப்புகளுக்கு வைக்கிற சூட்டில் ஒரு மணி நேரம் சுழலவிட்டேன். கதவைத் திறந்தபோது காற்சட்டை போட்டதைவிட அதிகமாக நனைந்திருந்தது, அடியில் நகத்தளவு மீன் ஒன்று துடித்துக்கொண்டிருந்தது. மீனைக் குவளையில் விட்டுவிட்டு நான் மற்றக் கட்டில்விரிப்புகளை மடிக்கத் தொடங்கினேன், ஏனென்றால் அதற்குள் என் கைத்தொலைபேசி பன்னிரண்டு தரம் அடித்துவிட்டது.

எங்கள் ஊரில் நூற்றுச்சொச்சம் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. பழைய தளபாடக் களஞ்சியம் ஒன்றைக் கோயிலாக்கி, தேர் செய்து, சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கூடம் நடத்தி, பெரியபிள்ளையான பெண்களுக்கு வருடத்துக்கு நாலைந்து சாமத்தியவீடும் செய்து, சந்தோசமாகவும் சண்டையாகவும் இருக்கிறோம். அந்தத் திங்கட்கிழமை காலையில் இந்தக் குடும்பங்களில் ஏறக்குறைய பாதிப்பேர் தாங்கள் இந்த நாட்டுக்குள் நுழைந்த நாளின் தண்ணீரோடும் குளிரோடும் எழும்பியிருந்தார்கள். கோயில் தலைவர் பரமலிங்கம் மார்பளவு நனைந்திருந்தார், அவர் கடந்த இடத்தில் ஆழம் அதிகம். மாவு லொறியில் ஒளிந்துவந்த விக்கினராசா கடையைத் திறந்து உள்ளே நடந்த இடமெல்லாம் வெள்ளைக் காலடி. பனிக்காட்டில் இரண்டு நாள் கிடந்துவந்த ஒருவருக்குத் தலைமயிரில் பனி; சூடான தேநீர் குடித்தால்கூட அது உருகவில்லை.

தண்ணீர் எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் சனத்துக்கு வாழ்க்கையில் இதைவிட நம்பமுடியாத சங்கதிகள் எவ்வளவோ நடந்துவிட்டன. யார் யாருக்கு வந்தது என்பதுதான் கேள்வி, அதற்கான பதில் பத்து மணிக்கெல்லாம் ஊருக்குத் தெரிந்துபோனது. கதவுக்கட்சிக்கு வாக்குப் போட்டவர்கள் நனைந்திருந்தார்கள். போடாதவர்கள் காய்ந்திருந்தார்கள். அவ்வளவுதான் விசயம்.

கதவுக்கட்சி என்பது நாங்கள் வைத்த பெயர். அதன் சொந்தப் பெயர் நீளமானது. சுவரொட்டிகளிலெல்லாம் பூட்டிய கதவு ஒன்றின் படம் இருந்ததால் எங்கள் வாயில் அப்படி ஆகிவிட்டது. அந்நியர்கள் வந்தது போதும், இனி ஒருவரும் வேண்டாம், வந்தவர்களிலும் பாதியைத் திருப்பி அனுப்புவோம் என்பது அவர்களுடைய பேச்சு. நகரசபையைப் பிடித்தால் முதல் வேலையாக ஊர் எல்லையில் பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தில் இருக்கும் அகதி முகாமை மூடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். பிடித்துவிட்டார்கள். முப்பத்தொரு வாக்கு வித்தியாசத்தில் பிடித்துவிட்டார்கள். அந்த முப்பத்தொன்றை எங்களுடைய நனைந்த கால்கள் இரண்டு தரம் தாண்டும்.

அந்த முகாமில்தான் என் தங்கச்சி சுபோதினி நாலு வருடமாக இருந்தாள்.

சுபோதினிக்கு நாற்பத்தைந்து வயது. புருசனை ஊரில் நடந்த கடைசி யுத்தத்தில் இழந்து, அதற்குப் பிறகு பத்து வருடம் அங்கே இங்கே அலைக்கழிந்து, எப்படியோ எங்களிடம் வந்துசேர்ந்தவள். அவளுடைய அகதி விண்ணப்பத்தை இரண்டு தரம் நிராகரித்துவிட்டார்கள். முகாமுக்கு வெளியே தங்க அனுமதி இல்லை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு ஆறு மணி பஸ்ஸில் திரும்பிப்போவாள். எங்கள் ஊர்ப் பெண்கள் போடுகிற சட்டை முழுக்க அவள் தைத்தது. யாருக்குத் தோள் சாய்வு, யாருக்கு முதுகில் மறைக்கவேண்டிய தழும்பு, யார் இந்த வருடம் இரண்டு அங்குலம் தடித்துவிட்டார்கள் எல்லாம் அவளுக்குத் தெரியும், வெளியே ஒரு சொல் வராது. அவள் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு போய் அவளை வெளியேற்ற வாக்குப் போட்டிருக்கிறார்களே என்று நினைத்துக்கொண்டேன். யாரை நினைத்தாலும் நம்பமுடியவில்லை. விக்கினராசாவுமா? பனி மயிர்க்காரருமா? என்ர மனிசனுமா?

மாலையில் அவர் வேலையால் வந்ததும் வாசலிலேயே பிடித்துக்கொண்டேன்.

"எப்பிடி மனசு வந்தது உங்களுக்கு? அவள் உங்களை அத்தான் அத்தான் எண்டு சுத்தி வாறவள். அவளின்ர பிடரியில கை வைச்சுத் தள்ளிப்போட்டு வந்து என்ர மேசையில சாப்பிடுறியளோ?"

அவர் நனைந்த காலுறையோடு மிதியடியில் நின்றபடி சொன்னார்: "அவளுக்காகத்தான் தவம் போட்டனான். பரமலிங்கம் அண்ணை வேலை இடத்துக்கு வந்து சொன்னவர். முகாமை மூடினா, சொந்தக்காரர் இருக்கிற ஆக்களைச் சொந்தக்காரரிட்டையே விடுவினமாம். ஆளைப் பிடிச்சுக் கதைச்சிட்டாராம். உனக்குச் சொல்லவேண்டாம் எண்டவர். சுபோவை வீட்டை கூட்டிக்கொண்டு வந்து உன்ர முன்னால நிப்பாட்டுவம் எண்டு நினைச்சன்."

எங்கள் சனத்தின் குணம் இது. எந்த அலுவலாக இருந்தாலும் நேரே வாசலால் போகமாட்டோம். உள்ளே ஒரு ஆளைப் பிடிப்போம். அப்படி ஆளைப் பிடித்துத்தான் ஊரை விட்டு வெளிக்கிட்டோம், ஆளைப் பிடித்துத்தான் எல்லை கடந்தோம், ஆளைப் பிடித்துத்தான் வீடும் வேலையும் தேடினோம். ஆகவே கதவுக்கட்சி வேட்பாளர் போன வருடம் எங்கள் தேர்த் திருவிழாவுக்கு வந்து, சட்டையைக் கழற்றி, வெள்ளைவெளேரென்ற மார்பில் திருநீறு பூசி, வடம் பிடித்து, வடை தின்று, "நாங்கள் உங்களைச் சொல்லவில்லை, நீங்கள் உழைக்கிற சனம், உங்கள் பிள்ளைகள் படிக்கிற பிள்ளைகள்" என்று சொன்னபோது, எங்கள் தலைவருக்கு ஆள் கிடைத்துவிட்டது. அந்நியர் என்று சுவரொட்டியில் எழுதியிருப்பது வேறு யாரையோ என்று எங்களில் பாதிப்பேர் மனதார நம்பினோம்.

தேர்தலுக்கு இரண்டு கிழமைக்கு முன் இதைப்பற்றிக் கோயில் மண்டபத்தில் கூட்டம் நடந்தது. அது கூட்டமா சண்டையா என்று இப்போதும் எனக்குத் தெரியாது. தமிழ்ப் பள்ளிக்கூட ஆசிரியை ஆரணி, இங்கே பிறந்து வளர்ந்த பெண், இருபத்தொன்பது வயது, கதிரையில் ஏறி நிற்காத குறையாகக் கதைத்தாள்.

"தலைவர் அங்கிள், அந்தப் படத்தில இருக்கிற கதவு பூட்டியிருக்கு. நாங்கள் அதுக்கு உள்பக்கம் நிக்கிறம் எண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது?"

"பிள்ளை, நீ இஞ்ச பிறந்தனி," என்றார் பரமலிங்கம். "உனக்கு அலுவல் பாக்கத் தெரியாது. முகாமில இருக்கிற அறுபது பேரில எங்கட ஆக்கள் நாலு பேர். அந்த நாலு பேரையும் எடுக்கிற வழியை நான் பாக்கிறன். மிச்ச ஆக்களை அவையின்ர ஆக்கள் பாக்கட்டும்."

"அவைக்கு ஆர் இருக்கினம்?"

"அது எங்கட பிரச்சினையில்லை."

மண்டபம் இரண்டாகப் பிரிந்து கத்தியது. ஒருவர் சும்மா கிடந்த மைக்கைப் பிடித்துக்கொண்டு தேவாரம் பாடப் பார்த்தார், எடுபடவில்லை. அப்போது எழுந்து நின்று கைதட்டி, "ஆரணி ரீச்சர் சொல்லுறதுதான் சரி, அந்தக் கட்சிக்குப் போடுறவன் தான் வந்த வழியை மறந்தவன்" என்று ஊர் கேட்கச் சொன்னவள் நான்தான். அதைச் சொன்னபோது முழு மனதோடுதான் சொன்னேன்.

இப்போது சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பரமலிங்கம் என் கணவருடைய வேலை இடத்துக்கு மட்டும் போகவில்லை. கூட்டம் முடிந்து மூன்றாம் நாள் மதியம் என் சலவைக்கூடத்து வாசலுக்கும் வந்தார். அதே கதையைச் சொன்னார். "மனிசனுக்குச் சொல்லாதை தங்கச்சி, அவன் வெகுளி" என்றும் சொன்னார். நான் கேட்டுக்கொண்டு நின்றேன். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அந்த ஆறு மணி பஸ் அவளை ஏற்றிக்கொண்டு திரும்பும் காட்சி என் கண்ணில் நின்றது. இன்னொன்றும் நின்றது, அதையும் மறைக்கவில்லை: அந்த முகாமிலிருந்து வந்த மூன்று பெண்கள் என் சலவைக்கூடத்தில் எங்களைவிடக் குறைந்த சம்பளத்துக்கு விரிப்பு மடிக்கிறார்கள், அவர்கள் போனால் எனக்கு ஒன்றும் குறையாது. திரைக்குப் பின்னால் போய், வாக்குச் சீட்டில் கதவுக்கட்சிக்கு நேரே பெரிதாகப் புள்ளடி போட்டுவிட்டு வந்தேன். வெளியே வந்து ஆரணியைக் கண்டபோது கட்டிப்பிடித்துக் கொஞ்சினேன்.

ஆனால் என் கால்கள் நனையவில்லை. திங்கட்கிழமை முழுக்கக் குளியலறையில் புகுந்து புகுந்து தேடினேன்: கால், முதுகு, காது மடல், தலைமயிர். ஒன்றுமில்லை. நான் விமானத்தில் வந்தவள். ஆறும் இல்லை, காடும் இல்லை, லொறியும் இல்லை. விமானத்தில் வந்தவளுக்கு என்ன வரும்? தப்பிவிட்டேன் என்று நினைத்தேன். அந்த நினைப்பில்தான் வாசலில் நின்று அந்த மனிதரை அந்தப் பேச்சுப் பேசினேன். அவர் "அவளுக்காகத்தான்" என்று சொன்ன நேரம் நானும் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஒரு கிழமைக்குள் ஊர் தண்ணீருக்குப் பழகிவிட்டது. கோயில் வாசலில் வாளியும் துவாயும் வைத்தார்கள். மூலஸ்தானத்துக்கு முன்னால் வழுக்கி இரண்டு பேர் விழுந்தபிறகு, நனைந்தவர்களுக்கு இடப்பக்கமாகப் பிளாஸ்ரிக் பாய் விரித்தார்கள். அந்தப் பாயில் ஒருவரும் உட்காரமாட்டேன் என்று பின்னால் நின்றார்கள், நின்ற இடத்தில் குளம் கட்டியது. ரப்பர் பூட்ஸ் விற்றுத் தீர்ந்தது. பிறகு பூட்ஸ் போட்டவனெல்லாம் கதவுக்கட்சிக்குப் போட்டவன் என்று ஆகிவிட்டதால், உண்மையாகவே மழைக்குப் பூட்ஸ் வாங்கிய அப்பாவிகள் அதைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் செருப்போடு சேற்றில் நடந்தார்கள். சாமத்தியவீட்டுப் படப்பிடிப்புக்காரர் எல்லோரையும் இடுப்புக்கு மேலேயே எடுத்தார். கலியாணம் பேசுகிற இடங்களில் சாதகம் கேட்பதற்கு முன் மாப்பிள்ளை வீட்டார் காய்ந்தவர்களா என்று கேட்டார்கள்.

புருசன் காய்ந்து பெண்சாதி நனைந்த வீடுகள் இருந்தன. ஆறு கடந்துவந்த தகப்பன் கதவுக்கட்சிக்கு எதிராகப் போட, இங்கே பிறந்த மகன் ஒளித்துப் போய்க் கட்சிக்குப் போட்டதால், ஒருநாளும் ஆற்றைக் காணாத அந்தப் பொடியன் தகப்பனுடைய ஆற்றில் கழுத்தளவு நனைந்து, "என்னப்பா இது, இவ்வளவு குளிரா?" என்று கேட்டு அழுத வீடும் இருந்தது. வெள்ளைக்காரர்களில் முக்கால்வாசிப் பேருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் சந்தியில் பேக்கரி வைத்திருக்கும் ஹோல்ட்ஸ் அம்மாவின் தோள்களில் காலையும் மாலையும் பனி கொட்டியது. பாணில் விழாமல் ஒரு கையால் தட்டிக்கொண்டே விற்றார். எழுபது வயதில் தன் தமக்கைக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டபிறகுதான், இரண்டாம் உலக யுத்தத்தின் கடைசி மாதத்தில் தாய் கிழக்கிலிருந்து கைவண்டி தள்ளிக்கொண்டு வந்தவர் என்பது அவருக்குத் தெரிந்ததாம். "எனக்கு யாரும் சொல்லவில்லையே," என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஏதோ சாட்டுச் சொல்லிச் சுபோதினியை வீட்டுக்கு வரவிடவில்லை. அதற்கடுத்த புதன்கிழமை கோயிலில் அன்னதானம். சுபோதினி வழக்கம்போல மரக்கறி வெட்ட வந்தாள். மண்டபத்துக்குள் காலை வைத்ததும் தரையைப் பார்த்தாள், பிறகு ஒவ்வொருவர் காலாகப் பார்த்தாள். அவளை இருபது சட்டைக்கு அளவெடுக்க வைத்த பெண்கள் சேலைக் கரையை இழுத்துப் பாதத்தை மூடினார்கள். என் கணவர் பாத்திரக் குவியலுக்குப் பின்னால் நின்றார், மறைய முடியவில்லை, தண்ணீர் முன்னால் ஓடிவந்துவிட்டது.

"அத்தான், நீங்களுமோ?"

அவர் எல்லாவற்றையும் சொன்னார். தலைவர் சொன்னது, ஆளைப் பிடித்தது, வீட்டுக்குக் கூட்டிவர நினைத்தது. அவள் கத்தியைப் பலகையில் வைத்துவிட்டுக் கேட்டாள்.

"உங்களுக்கு என்னில பாசம் எண்டு எனக்குத் தெரியும் அத்தான். ஆனா என்னட்டை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நாலு வருசமா என்னோட ஒரே அறையில செலாம் படுக்கிறாள். எரித்திரியாக்காரி. எனக்குக் காய்ச்சல் வந்தா அவள்தான் எழும்புறவள். அவளுக்கு ஆர் இருக்கினம்? மூடச் சொல்லி நீங்கள் போட்ட புள்ளடியில அவளும் இருக்கிறாள்தானே?"

அவள் என்னிடம் வந்தாள். என் பாதத்தைப் பார்த்தாள். வெடித்த குதியும் காய்ந்த தோலுமாக இருந்த அந்தப் பாதத்தைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா எண்டாலும் காய்ஞ்சு நிக்கிறா," என்றாள். "அது காணும் எனக்கு."

இதற்கு நான் என்ன செய்தேன் தெரியுமா? அவளுடைய கையைத் தட்டிக்கொடுத்தேன். பிறகு வெண்டிக்காய் வெட்டினேன். என்னைப்போல ஒரு கள்ளியை அந்த ஊர் கண்டிருக்காது.

மறுநாள் நகரசபைக் கடிதம் வந்தது. முகாம் வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மூடப்படும். இருப்பவர்கள் தலைநகர விமான நிலையத்துப் பக்கத்து முகாமுக்கு மாற்றப்பட்டு, நிராகரிக்கப்பட்டவர்கள் அங்கிருந்து திருப்பி அனுப்பப்படுவார்கள். குடியுரிமை உள்ள இரத்த உறவினர் நேரில் வந்து, அதிகாரி முன்னால் தன் வாயால் உறவைச் சொல்லிப் பொறுப்பேற்றால் அவர்கள் மட்டும் விடப்படுவார்கள். பரமலிங்கம் மார்பிலிருந்து தண்ணீர் வழிய வழிய வீடு வீடாக வந்து கடிதத்தைக் காட்டினார். "நான் சொன்னனான்தானே! ஆளைப் பிடிச்சா அலுவல் நடக்கும்!" ஆரணி மட்டும் அன்று பின்னேரம் முழுக்க மற்ற ஐம்பத்தாறு பேருக்காக வழக்கறிஞர்களுக்குத் தொலைபேசி எடுத்துக்கொண்டிருந்தாள். நான் என் மகளுடைய பழைய அறையைக் கழுவி, புது விரிப்பு விரித்து, அலுமாரியில் இரண்டு தட்டுக் காலியாக்கி, சுபோதினிக்காக யன்னலோரம் தையல் மேசை போட்டேன். எனக்குக் குற்றமே இல்லை என்று அந்த அறையின் நடுவில் நின்று எண்ணிக்கொண்டேன். அவள் வரப்போகிறாள், இனி எது எப்படிப் போனால் என்ன?

வெள்ளிக்கிழமை காலை வெயில் எறித்தது. பழைய பள்ளிக்கூடத்து முற்றத்தில் இரண்டு பஸ்கள் நின்றன. மரத்துக்குக் கீழே ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் கருநீலச் சீருடையில் ஒரு பெண் அதிகாரி, பக்கத்தில் குரல் பதிகிற சின்னக் கருவி. ஊரில் பாதி வந்திருந்தது. கதவுக்கட்சிக்காரர் சிலர் வேலிக்கு அப்பால் நின்று கைதட்டினார்கள், ஆரணியின் ஆட்கள் இப்பால் நின்று கத்தினார்கள், இரண்டு பக்கத்திலும் நனைந்தவர்கள் இருந்தார்கள்.

எங்கள் நாலு பேரையும் முதலில் கூப்பிட்டார்கள். விக்கினராசா மாவுக் காலடி பதித்துக்கொண்டு போய், "இவன் என் பெரியப்பாவின் மகன்" என்றார். விட்டார்கள். பரமலிங்கம் போய், "இவள் என் தங்கையின் மகள்" என்றார். விட்டார்கள். மூன்றாவது ஆளையும் விட்டார்கள். அழுகையும் சிரிப்புமாகக் கட்டிப்பிடித்தார்கள். நாலாவதாகச் சுபோதினி தோளில் ஒரு பையோடு வந்து நின்றாள், என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். நான் மேசைக்கு முன்னால் போனேன்.

அதிகாரி நல்ல மனுசி. கதிரையைக் காட்டினார். "இவர் உங்களுக்கு என்ன உறவு?" என்று கேட்டார்.

என் தங்கச்சி. இந்த நாட்டு மொழியில் அது இரண்டே இரண்டு சொல், பாலர் வகுப்புப் பிள்ளையும் சொல்லும். நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை.

முப்பது வருடத்துக்கு முன் இந்த நாட்டு விமான நிலையத்தில், வேறு ஒருத்தியின் கடவுச்சீட்டோடு, இருபத்தாறு வயதில், கல்யாணத்துக்காக நான் வந்திறங்கிய அன்று, சீருடை போட்ட ஒரு மனிதன் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து, யாரிடம் வந்தாய் என்று என்னைக் கேட்டான். ஏஜென்சிக்காரன் படிப்பித்த பதில் எனக்கு மனப்பாடம். பயத்தில் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தொண்டையில் காற்றுத்தான் இருந்தது. அவன் மூன்று தரம் கேட்டான், நான் மூன்று தரமும் வாயைத் திறந்து மூடினேன், கையைத் தூக்கக்கூட முடியவில்லை. ஊமை என்று நினைத்தானோ, சலித்துவிட்டானோ, முத்திரையைக் குத்தி அனுப்பிவிட்டான். வெளியே வந்து குகதாசனைக் கண்டபிறகுதான் எனக்குக் குரல் திரும்பியது.

அதே ஊமைத்தனம் அந்த வெயிலில், அந்த மேசைக்கு முன்னால் என் தொண்டையில் வந்து உட்கார்ந்துகொண்டது. விமானத்தில் கொடுத்த இனிப்பின் ருசிகூட நாக்கில் இருந்தது. பதினொரு நாளாக எனக்கு முன்னால் ஒரு சீருடையும் வரவில்லை, அதனால்தான் தெரியாமல் இருந்திருக்கிறது.

"என்ன உறவு?" அதிகாரி மறுபடி கேட்டார்.

"சொல்லன் தவம்! ஏன் பேசாமல் இருக்கிறாய்?" என்று என் கணவர் பின்னாலிருந்து கத்தினார். பிறகு அவரே முன்னால் வந்து, "இது இவவின்ர சொந்தத் தங்கச்சி" என்று அதிகாரியிடம் அவருடைய மொழியில் சொன்னார். உறவினர் தன் வாயால் சொல்லவேண்டும் என்று அதிகாரி பொறுமையாகப் பதில் சொன்னார். கையைத் தூக்கிச் சுபோவைக் காட்டப் பார்த்தேன். கை மடியில் கிடந்தது, என்னுடையது மாதிரியே இல்லை. அழவும் வரவில்லை.

முற்றத்தில் கத்திக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக அடங்கினார்கள். எங்கள் சனத்துக்கு விளங்க அதிக நேரம் எடுக்கவில்லை. ஆரணி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வாசலில் வைத்து நான் என் கணவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதே பார்வையை அவர் இப்போது என்மேல் வைத்திருந்தார். சுபோதினி என் வாயைப் பார்த்தாள். பிறகு குனிந்து என் காய்ந்த பாதங்களைப் பார்த்தாள். அவளுடைய முகத்தில் கோபம் வந்திருந்தால் தாங்கியிருப்பேன். சின்ன வயதில் அவளை நான் கிணற்றடியில் தள்ளிவிட்டபோது, விழுந்த வலியைவிடத் தள்ளியது நான் என்பதை நம்பமுடியாமல் பார்த்தாளே, அப்படிப் பார்த்தாள்.

மூன்றாம் தரமும் கேட்டுவிட்டு, அதிகாரி அவளிடம் திரும்பினார். "நீங்கள் சொல்லுங்கள். இந்தப் பெண் உங்களுக்கு யார்?"

சுபோதினி பையைத் தோளில் சரிசெய்தாள்.

"தெரியாது," என்றாள், அந்த மொழியில், ஒரு பிழையும் இல்லாமல். "எனக்கு இங்கே யாரும் இல்லை."

சொல்லிவிட்டுப் பஸ்ஸில் ஏறி, செலாமுக்குப் பக்கத்து ஆசனத்தில் போய் உட்கார்ந்தாள். அதிகாரி எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தாளில் ஒரு கோடு போட்டார். மற்றவர்களை ஏற்றி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. அந்த முக்கால் மணி நேரமும் நான் அந்தக் கதிரையில் இருந்தேன், ஒருவரும் என்னை எழுப்பவில்லை. பஸ்கள் போயின. மேசையை மடித்து வாகனத்தில் ஏற்றிக்கொண்டு, அந்தச் சீருடையும் வீதி வளைவில் மறைந்தது.

அப்போது குரல் வந்தது.

"என் தங்கச்சி," என்று கத்தினேன், அதிகாரி கேட்ட அதே மொழியில். "என் சொந்தத் தங்கச்சி. பெயர் சுபோதினி. வயது நாற்பத்தைந்து. நான் அவளுடைய அக்கா. அவளை நான் பொறுப்பேற்கிறேன்." முற்றத்தில் மிஞ்சி நின்றவர்கள் திரும்பிப் பார்த்துவிட்டு, கேட் பக்கமாக நடக்கத் தொடங்கினார்கள். நான் முதலிலிருந்து மறுபடியும் சொன்னேன்.